முழு விலாசத்தோடு போன ஜெபம்

ஆப்பிரிக்காவில் நாங்கள் ஊழியம் செய்யும் ஊரில் சண்டை தொடங்கியபோது நான் செஞ்சியில் நைனாவின் கட்டிலருகே உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, விழுப்புரத்தில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு நான் மட்டும் வந்திருந்தேன். கணவர் அங்கேயே இருந்தார். விடுதிப் பிள்ளைகளை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பக்கூடாது என்பது நாங்கள் எங்களுக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

நான் நர்ஸ். அவர் வாத்தியார். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், அதை ஒட்டி ஒரு விடுதி. மிஷனரி என்று சொன்னால் செஞ்சியில் பலருக்கு இன்னும் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்தான் கண்ணுக்குள் வருகிறார். என் தாத்தா சிங்கவரத்தில் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர். நைனா கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். நான் ஊழியத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது அவர் தடுக்கவில்லை. "வெள்ளக்காரன் இங்க வந்தான், நீ அங்க போற. கணக்கு நேராப் போச்சு" என்றார். அதில் கோபம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சண்டை என்றால் என்ன சண்டை என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊழியம் செய்யும் ஊர் ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது. இக்கரைக்காரர்கள் ஒரு பாஷை, அக்கரைக்காரர்கள் வேறு பாஷை. சந்தையில் ஒன்றாகத்தான் மீன் விற்பார்கள், பெண் கொடுத்து எடுப்பார்கள். தலைநகரத்தில் பெரிய மனிதர்கள் பதவிக்கு அடித்துக்கொள்ளும்போது மட்டும், இங்கே திடீரென்று அவரவர் கரை நினைவுக்கு வந்துவிடும். எங்கள் விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் அக்கரைப் பிள்ளைகள். விடுதி இருந்தது இக்கரையில். இந்தத் தடவை இக்கரைப் பையன்கள் துப்பாக்கியோடு வீடு வீடாக அக்கரைக்காரர்களைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தபோது, என் கவலை முழுவதும் அந்தப் பிள்ளைகளையும் அவர்களோடு இருக்கிற என் கணவரையும் சுற்றியே இருந்தது.

தமிழ்ச் சேனல் எதிலும் இது வரவில்லை. ஒரே ஒரு தடவை, கீழே ஓடுகிற எழுத்தில் அந்த நாட்டின் பெயர் வந்தது. நான் கண்ணாடியைப் போட்டுப் படிப்பதற்குள் தங்கம் விலை வந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மீது என்று தெரியாமல் ரிமோட்டைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன்.

எங்கள் சபையில் ஜெபக் குழுவை நடத்துகிற அக்காவை இங்கே சொல்லியாக வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பழக்கம். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் சும்மா பேருக்கு. உண்மையான தொழில் மனு எழுதுவது. பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் மனு அடித்துக் கொடுப்பார். ஊர், தெரு, கதவு எண், சர்வே எண், ரேஷன் கார்டு எண் எல்லாம் கேட்டு வாங்காமல் ஒரு வரி அடிக்க மாட்டார். "விவரம் இல்லாத மனு குப்பைக்குத்தான் போவும்" என்பார். அவர் அடித்த மனு பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை.

ஜெபத்தையும் அவர் அப்படித்தான் செய்வார். 'ஆண்டவரே, எல்லாரையும் ஆசீர்வதியும்' என்று யாராவது பொதுவாக ஜெபித்தால் அக்காவுக்குப் பிடிக்காது. தொண்டூரில் இன்னார் வீட்டில் இன்னாருக்கு வலது முழங்காலில் வலி என்று சொல்லித்தான் அவர் ஜெபிப்பார். குழுவில் இருக்கிறவர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். வாட்ஸப்பில் அவர் அனுப்பும் ஜெபக் குறிப்புகளைப் பார்த்தால் ஒருவர் வீட்டுக்கு வழி கேட்காமலே போய்விடலாம்.

சண்டை தொடங்கிச் சில நாட்கள் கழித்து ஒரு காலைநேரம் அக்கா நைனாவுக்கு ஜெபம் பண்ண வந்திருந்தார். அப்போது கணவர் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். நைனாவுக்குக் காது மந்தம். மருமகன் குரலைக் கேட்க வேண்டும் என்று அடம் பிடித்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிள்ளைங்க எல்லாம் பத்திரமா இருக்குதுங்க" என்றார் கணவர். அவர் செஞ்சிக்குப் பக்கத்தில் அனந்தபுரத்துக்காரர். எத்தனை நாடு போனாலும் பேச்சு மாறவில்லை. "விடுதில இல்ல. மார்க்கெட்டுக்குப் பின்னால மாவு மில்லு இருக்குதில்ல, அதோட குடோன்ல இருக்கறோம். சர்ச்சுப் பெரியவர்தான் சாப்பாடு கொண்டாந்து குடுக்கறார். நெட்டு எப்ப வேணா கட்டாயிடும். போன் வரலன்னா பயப்படாத. நீ சாப்டியா?"

சர்ச்சுப் பெரியவர் என்றது, அங்கே ஊர்க்கோடியில் இருக்கும் கல் சர்ச்சைப் பார்த்துக்கொள்கிறவரை. கதவைத் திறந்து, பெருக்கி, மணி அடித்து, பூட்டுகிறவர். அவரும் மனைவியும் சர்ச்சுக்குப் பின்னாலேயே குடியிருந்தார்கள். இக்கரைக்காரர். அதனால் தெருவில் நடமாட முடிந்தது.

சாப்பிட்டேன் என்று நான் சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. அக்கா கண்ணை மூடி நெடுநேரம் உதட்டை அசைத்தார். பிறகு நைனாவின் போர்வையைச் சரி செய்துவிட்டு, "கடை தொறக்கணும்மா" என்று கிளம்பினார்.

மறுநாள் துபாயில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'அக்கா, இது உங்க வீட்டுக்காரரா?' என்று கேட்டு, கீழே ஒரு ஜெபக் குறிப்பு. அவசரம் என்று தொடங்கியது. நாட்டின் பெயர், ஊரின் பெயர், மார்க்கெட்டுக்குப் பின்னால் மாவு மில், அதன் குடோன், உள்ளே ஒளிந்திருக்கும் அக்கரைப் பிள்ளைகள், அவர்களோடு செஞ்சியைச் சேர்ந்த நம் சகோதரர் என்று எல்லாம் இருந்தது. இடத்தைச் சொல்லி, பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், குறைந்தது பத்துக் குழுக்களுக்கு அனுப்புங்கள் என்று முடிந்தது.

நைனாவிடம் படித்துக் காட்டினேன். "கர்த்தருக்கு மேப்பு போட்டு அனுப்பிட்டாளா" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த ஊர்ல நம்ம ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள். ஹார்டுவேர் கடை, துணிக்கடை என்று இந்தியர்கள் அங்கே நிறைய. அவர்களுக்கும் குழுக்கள் உண்டு. அவர்களிடம் வேலை செய்கிறவர்கள் இக்கரைப் பையன்கள். அந்த மெசேஜ் அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஆட்டோ பிடித்து அக்கா கடைக்குப் போனேன். கடையில் மூன்று நான்கு பேர் ஆதார் கார்டோடு நின்றார்கள். நான் எதையும் பார்க்கவில்லை.

"இத நீங்கதான எழுதினீங்க?" என்று போனை நீட்டினேன்.

"ஆமாம்மா. ராத்திரியே நம்ம ஜனங்க எல்லாம் உபவாசம் ஆரம்பிச்சிட்டாங்க. விழுப்புரத்துல, சென்னைல, வெளிநாட்டுல..."

"அக்கா, ஒளிஞ்சிருக்கற எடத்த யாராவது ஊருக்கெல்லாம் எழுதுவாங்களா?"

"விவரமா சொன்னாத்தானம்மா விவரமா ஜெபிப்பாங்க. நான் கர்த்தருக்குத்தான எழுதினேன்."

"கர்த்தர் உங்க குரூப்புல இல்லக்கா."

அக்கா முகம் மாறியது. என்னைப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தார். மனு எழுதுகிற பெண்ணுக்கு ஒரு காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்று தெரியாமல் இருக்குமா? அந்தக் கணத்தில்தான் அது அவருக்கு உறைத்தது. ஆதார் கார்டுக்காரர்களை மத்தியானம் வரச் சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

தன் குழுவில் போட்டதை அழித்தார். ஆனால் அடுத்தவர் அனுப்பிவிட்டதை யார் அழிப்பது? இரண்டு பேரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டோம். யாருக்கு அனுப்பினீர்கள், அவர் யாருக்கு அனுப்பினார் என்று சங்கிலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே போனோம். ஜெபிக்கச் சொல்லிப் போன் பண்ணினால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் உடனே கேட்பார்கள். ஜெபக் குறிப்பை அழியுங்கள் என்று போன் பண்ணிப் பாருங்கள்.

"இன்னாத்துக்கு அழிக்கணும்? கர்த்தர் கைவிட்டுட்டாரா?" என்று திண்டிவனத்தில் ஓர் அம்மா அழவே தொடங்கிவிட்டார். ஒருவர், உபவாசத்தை முடித்துவிட்டு அழிக்கட்டுமா, இப்போதே அழிக்கட்டுமா என்று கேட்டார். சென்னையில் ஒரு சபையில் அதை ஆராதனையில் திரையிலேயே காட்டிவிட்டார்கள். மதுரைப் பக்கம் ஒருவர் அழிக்க மாட்டேன் என்று சண்டைக்கு வந்தார். கை மாறும்போது குறிப்பும் வளர்ந்திருந்தது. ஓர் இடத்தில் பிள்ளைகள் ஐந்நூறு பேர் ஆகியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் என் கணவருக்குக் காலில் குண்டு பாய்ந்திருந்தது. பயத்துக்கு நடுவிலும் எனக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம், அதை இங்கிலீஷில் மாற்றி வெளிநாட்டுக் குழுக்களுக்கு அனுப்பியவரைப் பிடித்துவிட்டோம். குவைத்தில் இருந்தார். மரியாதையான மனிதர். நாங்கள் பயந்தபடியே, அந்த நாட்டு இந்தியர்களின் குழு ஒன்றுக்கும் அனுப்பியிருந்தார்.

"ஆனா சிஸ்டர், நான் மாவு மில்லுன்னு போடல" என்றார். "மிஷனரிங்க போய் பிள்ளைங்கள மில்லுலயா வைப்பாங்க? தப்பா டைப் ஆயிருக்குன்னு நெனச்சு சர்ச்சுன்னு திருத்திட்டேன். அப்பதான ஜனங்களுக்கு ஜெபிக்கணும்னு பாரம் வரும்?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் மில். சர்ச் ஊரின் அடுத்த கோடியில். தேடி வந்தாலும் அங்கே போய்த் தேடுவார்கள், அங்கே ஒன்றும் இருக்காது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு செய்தி எதுவும் இல்லாமல் கழிந்த நாட்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. நைனாவை வாக்கரில் நடக்க வைப்பேன். பால் வாங்கப் போவேன். கோட்டை பார்க்க வந்த காலேஜ் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கீழ் வீட்டு மளிகைக்கடைச் செட்டியாரம்மா, சிங்கவரம் பெருமாளுக்கு எங்கள் பேரில் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். அவர் எந்த இடத்தையும் கேட்கவில்லை என்பதே எனக்கு அப்போது பெரிய உதவியாக இருந்தது.

வெளிநாட்டில், கலவரத்துக்கு நடுவில், விசுவாசம் தளராமல் இருப்பது எப்படி என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கே அது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைக்க வேண்டும், தண்ணீர் காய்ச்ச வேண்டும், ரத்தம் ஒழுகினால் கட்ட வேண்டும். கைக்கு வேலை இருக்கும்போது மனசு தானாகக் கர்த்தர்மேல் சாய்ந்துகொள்ளும். செஞ்சியில், கரண்ட் இருக்கிற வீட்டில், குண்டு விழாத தெருவில்தான் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் மாவு மில்தான் கண்முன் வந்தது. கர்த்தரிடம் கோபமாக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

பிறகு ஒருநாள் பக்கத்து நாட்டிலிருந்து கணவர் கூப்பிட்டார். அமைதிப் படைக்காரர்கள் லாரி கொண்டுவந்து பிள்ளைகள் எல்லாரையும் ஆற்றைக் கடக்க வைத்து, சொந்தக்காரர்களிடம் சேர்த்துவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. நைனா கட்டிலில் படுத்தபடியே கையைத் தட்டினார். அக்கா கடையை மூடிவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

கணவர் ஊருக்கு வந்தபோது நான் சென்னைக்குப் போய் அழைத்து வந்தேன். ஆள் பாதியாகியிருந்தார். குவைத்துக்காரர் திருத்திய கதையை பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திண்டிவனம் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"சர்ச்சுக்கு ஆளுங்க வந்தாங்க" என்றார். "கையில போன வச்சிக்கினு வந்தாங்களாம். இந்தியாக்காரன் பிள்ளைங்க எங்கன்னு கேட்டாங்களாம். பெரியவரோட சம்சாரம் சொன்னாங்க."

எங்கே என்று பெரியவருக்குத் தெரியும். தினமும் சாப்பாடு கொண்டுபோனவர் அவர்தானே. இங்கே யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார். சர்ச் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். பெஞ்சுகளைக் கவிழ்த்திருக்கிறார்கள். மறுபடி கேட்டிருக்கிறார்கள். அவர் மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறார். வாசற்படியிலேயே சுட்டுவிட்டார்கள். அன்றைக்குச் சாப்பாட்டைக் கொண்டுவந்தது அவருடைய மனைவி. குடோன் வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை விஷயத்தைச் சொல்லாமல் நின்றிருக்கிறார்.

நான் பஸ்ஸில் அழுதேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். செஞ்சி நெருங்கும்போது கணவர், "அக்காகிட்ட சொல்லாத. அவங்க தாங்க மாட்டாங்க" என்றார். சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். கணவர் இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா சாட்சி சொல்ல எழுந்தார். தான் மாவு மில் என்று எழுதியதை ஒரு சகோதரன் கையால் சர்ச் என்று மாற்றியவர் கர்த்தர், சத்துருவின் கண்ணை மறைத்தவர் கர்த்தர் என்றார். நன்றாகப் பேசினார். ஜனங்கள் அல்லேலூயா சொன்னார்கள். என் கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சாட்சியை அடுத்த வாரம் தொண்டூரிலும், பிறகு அனந்தபுரத்திலும் வந்து சொல்லக் கேட்டிருக்கிறார்கள் என்று அக்கா முடித்தார்.

கர்த்தர் எங்களைக் காத்தார் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பெரியவரும் தினமும் அந்தச் சர்ச்சில் முழங்கால் போட்டவர்தான். அவரை ஏன் காக்கவில்லை என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தெரியாமலேயே நம்ப வேண்டியிருக்கிறது. நம்பிக்கையை விட்டுவிட்டால் இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்? சாட்சியில் அந்தப் பெரியவர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, இதை ஊர் ஊராகச் சொல்லப் போகிறார்கள் என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே தக்காளி சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவைச் சுவரோரமாக அழைத்துப் போய்ச் சொன்னேன். கணவர் பஸ்ஸில் என்னிடம் சொன்ன மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். போன், சர்ச், வாசற்படி.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் யாரோ அவரைத் தாண்டி ஓடினார்கள். "அவரு வீட்டுக்காரம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க. இப்ப அவங்கதான் சர்ச்சப் பாத்துக்கறாங்க."

"பேரு இன்னா?" என்றபடி அக்காவின் கை, பழக்கத்தில், பையில் இருக்கும் போனைத் தேடியது. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கையை வெளியே எடுத்துவிட்டார்.

"வேணாம்மா, சொல்லாத. தெரிஞ்சா நான் எங்கனா சொல்லிடுவேன்."

நாங்கள் திரும்பிப் போகப்போகிறோம் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"நீ அங்க போனா அந்த அம்மாகிட்ட என்னப் பத்திச் சொல்லு" என்றார். "நாந்தான் எழுதினேன்னு சொல்லு. பேரு சொல்லு. தாலுகா ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை, பின்னாலயே வீடுன்னு சொல்லு. ஒண்ணு விடாம எழுதிக் குடுத்துடு."